கழுத்துப் பலகை

தணிகாசலம் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதை முடிந்த பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

மலையடிவாரத்து மடத்துக்கு அவன் சடையப்ப அடிகளிடம் சீடனாக வந்தான். படித்தவன் என்பதால் மடத்துப் பள்ளியை அவனிடம் ஒப்படைத்தார்கள். மலைமேல் இருந்த குடிகளின் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது வேறு மொழி. தமிழ் தெரியாததால் சந்தையில் எல்லோரும் தங்களை ஏய்க்கிறார்கள், பிள்ளைகளாவது ஏமாறாமல் இருக்கட்டும் என்று பெற்றோர்களே கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

பிள்ளைகளுக்குத் தமிழ் சீக்கிரம் வரவேண்டும் என்று தணிகாசலம் ஒரு வழி கண்டுபிடித்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை, அதில் ஒரு கயிறு. மலைமொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் அதை மாட்டுவான். அந்தப் பிள்ளை, வேறு யாராவது மலைமொழி பேசுவதைக் கேட்டால், பலகையை அவர்கள் கழுத்துக்கு மாற்றிவிடவேண்டும். அதுவரைக்கும் கழற்றக்கூடாது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கழுத்தில்தான் கிடக்கும்.

அடிகள் ஒருநாள் அதைக் கவனித்தார்.

“இது எதுக்குப்பா?”

“மொழி பழகுவதற்கு, சுவாமி.”

“பழகுதா?”

“இப்போதெல்லாம் மடத்தில் ஒரு மலைச்சொல்கூடக் காதில் விழுவதில்லை, சுவாமி.”

அடிகள் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றைக்கே அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் பொம்மி வந்து சேர்ந்தாள். பள்ளியில் ஏற்கெனவே இருந்த மாசனின் தங்கை. பால்பல் இன்னும் விழாத வயது. தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. வந்த சில நாளிலேயே காய்ச்சலில் படுத்துவிட்டாள். மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டிருந்ததால் தாய்க்குச் சேதி அனுப்ப வழி இல்லை.

வைத்தியர் வந்து மருந்து கொடுத்தார். தணிகாசலம் பொம்மியை விட்டு நகரவில்லை. நெற்றியில் ஈரத்துணி போட்டான், கஞ்சியைத் தானே ஊட்டினான். அவள் கஞ்சியைத் தள்ளிவிட்டு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லிக்கொண்டே பின்னலைப் பிடித்து இழுத்தாள். மடத்தில் பெண்பிள்ளைகளுக்கு எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிவிடுவது வழக்கம். அவள் கலைக்கக் கலைக்க, தணிகாசலம் சமையல்கார அம்மாளைக் கூப்பிட்டுத் திரும்பவும் பின்னச் சொன்னான். நோயாளி சுத்தமாக இருக்கவேண்டும் என்று நினைத்தான், பாவம்.

வாசலில் பிள்ளைகள் கூடி நின்றார்கள்.

“இவள் என்ன கேட்கிறாள்?”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

“யாருக்கும் கேட்கவில்லையா?”

“கேட்கவில்லை, ஐயா” என்றான் ஒரு பையன். மாசன் கூட்டத்தின் பின்னால் நின்றான். பலகை அவன் கழுத்தில் இருந்தது. தங்கை படுத்த அன்று அவளிடம் ஒரே ஒரு வார்த்தை மலைமொழியில் பேசி மாட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடியும்போது பொம்மி இறந்துபோனாள். கடைசிவரைக்கும் அதையேதான் சொன்னாள். மடத்துத் தோப்பில் அடக்கம் செய்தார்கள்.

மழை விட்டதும் தணிகாசலம் அடிகளிடம் போனான். அவன் கண் உள்ளே போயிருந்தது.

“சுவாமி, அந்தக் குழந்தை என்ன கேட்டது?”

“பிள்ளைங்களைக் கேளு.”

“கேட்டேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.”

“நல்லாப் பழகிட்டாங்க.”

தணிகாசலத்தின் பார்வை தோப்புப் பக்கம் போனது.

“அவ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கா?”

“ஓசை மாறாமல் அப்படியே இருக்கிறது, சுவாமி. தூக்கத்திலும் கேட்கிறது.”

“பாதையைச் சரிபண்ணிட்டாங்களாம். தாய்க்குச் சேதி சொல்லணும். அந்தம்மாவையே கேட்டுக்கலாம், வா. மாசனையும் கூட்டிக்கோ.”

மூவரும் ஏறினார்கள். மாசன் முன்னால் நடந்தான். பலகை அவன் நெஞ்சில் தட்டிக்கொண்டே வந்தது. பொம்மி போன பிறகு மடத்தில் எந்தப் பிள்ளையும் மலைமொழி பேசவில்லை. அதனால் அதை மாற்ற ஆள் கிடைக்கவில்லை. தணிகாசலத்துக்கு அது கண்ணில் படவே இல்லை. பார்த்துப் பார்த்துப் பழகிப்போயிருந்தது.

பொம்மியின் தாய் முற்றத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். மகனைக் கண்டதும் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பிறகு அவர்களுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். கொஞ்சநேரம் பார்த்தாள். ஏதோ கேட்டாள். அதில் பொம்மியின் பெயர் இருந்தது.

தணிகாசலம் அடிகளைப் பார்த்தான்.

“நீ சொல்லு” என்றார் அடிகள்.

“எனக்கு இவர்கள் மொழி தெரியாதே, சுவாமி.”

“இத்தனை வருஷமா இந்தப் பிள்ளைங்களோடதானே இருக்கே?”

தணிகாசலம் மாசன் பக்கம் திரும்பினான். “மாசா, நீ அம்மாவிடம் சொல்” என்றான்.

மாசன் வகுப்பில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

“அம்மா, தங்கை பொம்மி காய்ச்சல் கண்டு இறந்துவிட்டாள். அவளை மடத்துத் தோப்பில் அடக்கம் செய்தோம்.”

உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.

தாய் சிரித்தாள். அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. மகன் கீழ்நாட்டுக்காரர்கள் மாதிரியே பேசுகிறான், அது மட்டும் புரிந்தது. அதற்காகத்தானே பிரிந்திருந்தாள். அவன் கன்னத்தை இரண்டு கையாலும் தடவினாள். திரும்பவும் பாதையைப் பார்த்தாள்.

அதைப் பார்த்து நிற்கத் தணிகாசலத்தால் முடியவில்லை. எதையாவது சொல்லியாகவேண்டும் என்று வாய் துடித்தது. அவனுக்குத் தெரிந்த மலைச்சொற்கள் பொம்மி சொன்னவை மட்டும்தான். அவையே வெளியே வந்தன.

தாயின் சிரிப்பு நின்றது. கிட்டே வந்து புறங்கையால் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவனைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பின்னால் போய் அவன் குடுமியை அவிழ்த்தாள். முடியைத் தோளில் பரப்பி, விரலால் கோதிவிட்டு, குழந்தையிடம் சொல்வதுபோல் மெதுவாக ஏதோ சொன்னாள்.

“காய்ச்சல் வந்தால் எங்கள் ஊரில் முடியை அவிழ்த்துவிடுவார்கள், ஐயா” என்றான் மாசன். “கட்டி வைத்தால் காய்ச்சல் உள்ளேயே தங்கிவிடும் என்பார்கள்.”

“அவள் கேட்டது இதுதானா?”

“ஆம், ஐயா. முடியை அவிழ்த்துவிடு என்றாள்.”

தணிகாசலத்தின் பேச்சிலிருந்த எழுத்துத்தமிழ் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“ஏன்டா சொல்லலை? தமிழ்லயே சொல்லியிருக்கலாமேடா.”

“அவள் பேசியதை நான் கேட்டேன் என்று சொன்னால், பலகையை அவள் கழுத்தில் மாட்டவேண்டுமே, ஐயா. அதனால் யாருமே கேட்கவில்லை என்று சொன்னோம்.”

சொல்லிவிட்டு மாசன் பலகையைக் குனிந்து பார்த்தான். பிறகு ஆசிரியரைப் பார்த்தான். ஆசிரியர் இப்போதுதான் மலைமொழி பேசியிருந்தார். அவன் காதால் கேட்டான். தயங்கித் தயங்கிக் கயிற்றைத் தலைவழியே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

தணிகாசலம் தலையைத் தாழ்த்தினான். அவிழ்ந்த முடியை விலக்கி மாசன் பலகையை மாட்டினான்.

பிறகு தாயின் பக்கம் திரும்பி, கையைக் கட்டாமல், தன் மொழியில் சொன்னான். நாலைந்து சொற்கள்தான்.

தாய் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். முதலில் சத்தமே வரவில்லை. வந்த பிறகு நிற்கவில்லை. பொம்மியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், என்னென்னவோ கேட்டாள், மண்ணில் அடித்து அடித்துச் சொன்னாள். மாசன் அவள் மடியில் விழுந்து, அவள் சொன்னதையே தானும் சொல்லி அழுதான்.

தணிகாசலம் பலகையைப் பிடித்து இழுத்தான். கயிறு முடியில் சிக்கிக்கொண்டது. அறுத்து எறியப் பார்த்தான்.

அடிகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்படிக் கழட்டக்கூடாது. விதி நீ போட்டதுதானே?”

“சுவாமி…”

“இன்னொருத்தர் அந்த மொழியில பேசுறதைக் கேக்கணும். அதுக்கப்புறம்தான் மாத்தலாம்.”

அவர் கையை விட்டார்.

“அந்தம்மா அவங்க மொழியிலதான் அழறாங்க. போ, அவங்க கழுத்துல மாட்டிட்டு வா.”