மச்சான் போன திசை

"டீச்சர், காத்து இங்கனதான் தள்ளுது. ஆளைக் காணலியே!"

மீட்புப் படகை ஓட்டியபடியே கத்தினார் பெர்னதத்து. தலை நரைக்கும்வரை கடலில் கிடந்த மனுஷன். தொலைந்தவரைத் தேடும் கணக்கை இப்போதுதான், கூடவே படகில் வந்திருக்கும் மீட்புப் பயிற்சி டீச்சர் ஸ்டெல்லாவிடம் படிக்கிறார். அவளுக்கு அவர் மகள் வயது. இருந்தாலும் டீச்சர் டீச்சர்தான்.

தனியாகத் தொழிலுக்குப் போன லூர்தையாவை வலை விரித்த இடத்தில் காணவில்லை. காலி வள்ளம் மட்டும் கிழக்கே வெகுதூரத்தில் கிடைத்தது. லூர்தையா, பெர்னதத்துவின் தங்கச்சி மாப்பிள்ளை.

வள்ளம் போன வழியிலேயே போய்ப் போய் வந்தார் பெர்னதத்து. கரையில் தங்கச்சி நிற்கிறாள். அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

"எஞ்சினை நிறுத்துங்க அண்ணாச்சி."

"நிறுத்தவா? ஆளு சாவக் கிடக்காரு டீச்சர்!"

"நிறுத்துங்க."

நிறுத்தினார்.

ஸ்டெல்லா ஒரு காலித் தண்ணீர்க் கேனை மூடிக் கடலில் போட்டாள். இன்னொன்றில் கழுத்துவரை கடல்நீரை மொண்டு, மூடிப் போட்டாள். அது மூடி மட்டும் தெரிய மிதந்தது.

மேற்கிலிருந்து காற்று வீசியது. காலிக் கேன் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி கிழக்கே ஓடியது.

நிறைந்த கேனுக்கு அவசரமே இல்லை. பின்தங்கியது. பிறகு நீரோட்டத்தோடு மெல்ல வலப்பக்கமாக, தெற்கே ஒதுங்கியது.

"அண்ணாச்சி, இதுல உங்க மச்சான் எது?"

பெர்னதத்துவுக்குச் சுரீரென்று உறைத்தது. கழுத்துவரை தண்ணீரில் கிடக்கும் ஆள். மொட்டைத் தலையைத் தவிரக் காற்று பிடித்துத் தள்ள அங்கே என்ன இருக்கிறது?

"அட பாவி! நான் வள்ளத்தையில்லா தேடிக்கிட்டிருக்கேன்!"

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். காற்று எப்போது கிளம்பியது, எவ்வளவு வேகம் என்று கணக்குப் போட்டு ஓர் இடத்தைக் காட்டினாள். பெர்னதத்து படகைத் திருப்பிய திருப்பில் அவளே விழப் பார்த்தாள்.

அங்கே, வலை மிதவையைக் கட்டிக்கொண்டு, வெயிலில் மினுங்கியது ஒரு மொட்டைத் தலை.

தூக்கிப் படகில் போட்டார்கள். பெர்னதத்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதார், சிரித்தார், முதுகில் ரெண்டு சாத்தும் சாத்தினார். சந்தோஷத்தில் வேறென்ன செய்வது?

லூர்தையா உப்புத் தண்ணீரைத் துப்பினார்.

"வள்ளம் கெடைச்சுதா மச்சான்?"

"அது காலையிலயே கெடைச்சிட்டு."

"அப்போ என்னையத் தேட இவ்வளவு நேரமா?"

"உம்மத் தேட இப்பதாம்வே ஆரம்பிச்சோம்!"