கிடாரிகளைச் சோதித்த நரி

புங்கன் ஏரிக்கரையில் ஒரு மாட்டுக் கூட்டம் மேய்ந்து வந்தது. ஏரிக்கு மேலே பாறைக் குகையில் ஒரு புலி இருந்தது.

புலிக்கு வயதாகிவிட்டது. துரத்தினால் மூச்சு வாங்கியது. அதனால் ஒருநாள், தண்ணீர் குடிக்க வந்த மாடுகளிடம் தன்மையாகப் பேசியது.

"கண்டபடி பாய்ந்து உங்கள் கூட்டத்தைக் கலைக்க எனக்கே விருப்பமில்லை. கன்று ஈனத் தகுதியான கிடாரிகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தகுதி இல்லாதவற்றை மட்டும் என்னிடம் அனுப்புங்கள். வேறு யாரையும் தொடமாட்டேன்."

கிடாரி என்றால் இன்னும் கன்று போடாத இளம்பசு. கூட்டத்தின் தலைவனான திமிலன் என்ற காளை இதைக் கேட்டுத் தலையாட்டியது. காளைகளைப் பற்றிப் புலி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதனால் ஏற்பாடு மிகவும் நியாயமாகப் பட்டது.

"தகுதியை யார் பார்ப்பது?" என்று ஒரு பசு கேட்டது.

"நான் பார்க்கிறேன்" என்றபடி புதரிலிருந்து ஒரு நரி வெளியே வந்தது. "மாடுகளைப் பற்றி எனக்கு உள்ளும் புறமும் தெரியும்."

அது பொய் இல்லை. புலி தின்று மிச்சம் வைக்கும் மாடுகளைத்தான் நரி பல வருஷமாகத் தின்று வந்தது.

மழை முடிந்ததும் பரிசோதனை தொடங்கியது. முதலில் செவலை என்ற கிடாரி வந்து நின்றது. அகன்ற இடுப்பு, ஆழமான விலா, நேராக ஊன்றிய கால்கள். எதற்கும் மிரளாத குணம். அதன் தாய் வருஷந்தவறாமல் சிரமமின்றிக் கன்று ஈன்ற பசு.

நரி அதைச் சுற்றி வந்தது. தொடைக்கு அருகே வந்ததும் வாயை ஒருமுறை நக்கிக்கொண்டது.

"தாயாகப் போகிறவளுக்கு இத்தனை சதை எதற்கு? நிற்கிற தோரணையைப் பாருங்கள், ஒரே திமிர். இவளுக்குக் கன்றின் மேல் பாசமே வராது. தகுதி இல்லை."

"என் இடுப்பைப் பார்த்தீர்களா?" என்று செவலை கேட்டது.

"பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்" என்றது நரி.

அடுத்து மயிலை வந்தது. அதற்கு உடம்பே இன்னும் தேறவில்லை. விலா எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. இடுப்பு ஒடுங்கியிருந்தது.

"ஆகா, என்ன அடக்கம்! வந்ததிலிருந்து குனிந்த தலை நிமிரவில்லை. குறைவாகச் சாப்பிடுவாள், எதிர்த்துப் பேசமாட்டாள். தாயாவதற்கென்றே பிறந்தவள். தகுதி உண்டு" என்றது நரி.

மயிலை தலை குனிந்திருந்தது பசியால். காலடியில் கொஞ்சம் புல் இருந்தது.

யாராவது பேசுவார்கள் என்று செவலை கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. பசுக்கள் மும்முரமாக மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் மகள்கள் தேறிவிட்டார்கள், அல்லது தேறிவிடுவார்கள் என்ற நம்பிக்கை இருந்தது.

"பரிசோதனை முறையாக நடந்திருக்கிறது. நாம் தலையிடக் கூடாது" என்றது திமிலன்.

செவலை பாறையை நோக்கி நடந்தது. அதன் தங்கை காரி அப்போது சின்னக் கன்று. அக்காவின் பின்னாலேயே ஓடியது. தாய்தான் அதை முட்டி முட்டித் திருப்பிக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து அந்தத் தாய் யாரோடும் சேர்ந்து மேயவில்லை.

இப்படியே மழைக்கு மழை பரிசோதனை நடந்தது. வலுவான கிடாரிகள் குகைக்குப் போயின. நோஞ்சான்கள் தேறின. தேறியவற்றில் சில சினையே பிடிக்கவில்லை. சில, கன்று ஈனும்போது கன்றோடு செத்தன. மயிலை ஒரு பகல் முழுவதும் முக்கியும் கன்று வெளியே வரவில்லை. பாதி வழியில் சிக்கிக்கொண்டது. கடைசியில் வந்தபோது அதற்கு உயிர் இல்லை. மயிலை பிழைத்தது. ஆனால் பின்னங்கால் ஒன்று விளங்காமல் போயிற்று.

"ஐயோ பாவம்" என்று சொல்லி, செத்த கன்றை நரி இழுத்துக்கொண்டு போனது.

கூட்டம் சிறுத்தது. புலி இளைத்தது. நரி மட்டும் உருண்டு திரண்டது.

காரி வளர்ந்து பருவத்துக்கு வந்தது. நிறம் தவிர அச்சு அசல் செவலைதான். நரி அதைச் சுற்றி வந்து வாயை நக்கிக்கொண்டது.

"தகுதி இல்லை."

"முறையாக நடந்திருக்கிறது" என்றது திமிலன்.

காரி அசையாமல் நின்றது. அப்போது மயிலை நொண்டிக்கொண்டே அதன் பக்கத்தில் வந்தது.

"வா, நானும் உன்னோடு வருகிறேன். புலியிடம் எனக்கு ஒரு பேச்சு இருக்கிறது."

நரிக்கு மகிழ்ச்சி. ஒன்றுக்கு இரண்டாகக் கிடைக்கிறதே என்று பின்னாலேயே வந்தது.

குகை வாசலில் புலி எரிச்சலோடு படுத்திருந்தது. மயிலை அதன் முன்னால் போய் நின்றது.

"அரசே, இவளைத் தின்பதற்கு முன்னால் என்னைப் பாருங்கள். ஈனத் தகுதியானவள் என்று நரி தேர்ந்தெடுத்தது என்னைத்தான். இந்த இடுப்பு வழியாக ஒரு கன்று வர முடியுமா? என் கன்று செத்தது. கால் போயிற்று. தகுதி இல்லை என்று உங்களிடம் வந்தவள் செவலை. நினைவிருக்கிறதா?"

"இருக்கிறது. அருமையாக இருந்தாள்" என்றது புலி.

காரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

"அவள் இருந்திருந்தால் இந்நேரம் ஏரிக்கரையில் அவள் கன்றுகள் துள்ளிக்கொண்டிருக்கும். இப்போது அங்கே இருப்பவர்கள் என்னைப் போன்றவர்கள். இவளையும் தின்றுவிட்டால் அடுத்த மழைக்கு நீங்கள் பாறையைத்தான் நக்க வேண்டும்."

புலி நரியின் பக்கம் திரும்பியது.

"இடுப்பைப் பார்த்தாயா, இல்லையா?"

"பார்த்தேன் அரசே. வேறு கோணத்தில் பார்த்தேன். தவிர, அடக்கம், குணம் என்று நிறைய இருக்கின்றன..."

"எல்லோரும் இளைத்திருக்கும்போது நீ மட்டும் எப்படிக் கொழுத்தாய்?"

"வேலைப் பளு அரசே. சிலருக்கு உடம்பு ஊதும்."

"சரி, நீ கன்று ஈனுவாயா?"

"நான் நரி. அதிலும் ஆண் நரி."

"அப்படியானால் தகுதி இல்லை" என்றது புலி.

மேல்முறையீடு செய்ய நரிக்கு நேரம் கிடைக்கவில்லை.

புலி வாயைத் துடைத்துக்கொண்டு மயிலையைப் பார்த்தது. "இனி பரிசோதனையை நீ செய். இவள் எப்படி?"

"நல்ல இடுப்பு, நல்ல கால், மிரளாத குணம். காரிக்குத் தகுதி உண்டு."

"நீ?"

மயிலை தன் விளங்காத காலைப் பார்த்தது. ஒரு பொய் சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் நரி சொன்ன அதே பொய்யைத் தன் வாயால் சொல்ல அதற்கு அருவருப்பாக இருந்தது.

"எனக்குத் தகுதி இல்லை" என்றது.

"நல்லது. இப்போது வயிறு நிறைந்திருக்கிறது. நாளைக் காலையில் வந்துவிடு" என்று சொல்லிப் புலி உச்சி வெயிலில் கண்ணை மூடியது.

ஏரிக்கரையில் காரி நடந்ததைச் சொன்னது. திமிலன் நிம்மதியாக அசைபோட்டது.

"நரி ஒழிந்தது நல்லதுதான். இப்போது பரிசோதனை நேர்மையாகவும் நடக்கிறது. மயிலையே தன் வாயால் சொல்லிவிட்டாள். ஏற்பாடு தொடரட்டும்."

"தொடரட்டும் தலைவரே" என்றது காரி. "புலி நரியிடம் கேட்டதை நான் உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் கன்று ஈனுவீர்களா?"

திமிலன் அசைபோடுவதை நிறுத்தியது. இத்தனை மழைக்காலமாக ஏற்பாட்டில் ஒரு குறையும் காணாத அந்தக் காளை, இது பெரிய அநியாயம் என்று அந்த நிமிஷத்தில் கண்டுபிடித்தது. உடனே இந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னது.

மலைக்கு அந்தப் பக்கம் போக எப்போதும் வழி இருந்தது. அவரவர் மகள் தேறிக்கொண்டிருந்த வரையில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

செவலையின் தாய் முதலில் எழுந்தது. "மயிலையின் நடைக்கு ஏற்றபடி எல்லோரும் நடங்கள். யாராவது முந்தினால் நான் முட்டுவேன்" என்றது. உண்ட மயக்கத்தில் புலி குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோதே கூட்டம் மலையேறியது. ஏற்றம் கடுமையாக இருந்தது. வழி முழுக்கத் திமிலன் முனகியது. மயிலை தடுமாறிய இடங்களில் காரி தன் தோளைக் கொடுத்தது.

புலி விழித்தபோது கரையில் குளம்புத் தடங்கள் மட்டும் இருந்தன. அவற்றைப் பின்தொடர அதற்குக் கால் வலு இல்லை.

உன் தகுதியை ஒருவர் அளக்க வந்தால், அந்தத் தீர்ப்பால் நிறையப் போவது யாருடைய வயிறு என்று முதலில் கேள்.