விரால் விழுங்கிய சொல்

மீன் வாயைத் திறந்தால் பேச்சு வந்த அந்தக் காலத்தில், ஆம்பலேரியில் ஒரு விரால் இருந்தது. வாயாடி என்றால் அப்படியொரு வாயாடி! கெண்டை பேசும், கெளுத்தி பேசும், அதெல்லாம் ஏதோ அளவோடு பேசும். இதற்கு அளவே கிடையாது. கரையில் யார் தூண்டிலோடு வந்து உட்கார்ந்தாலும் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி வம்புக்கு இழுக்கும்.

அந்தக் கரையில் பூங்காவனம் என்று ஒருத்தி தூண்டில் போட்டுப் பிழைத்தாள். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. தண்ணீரில் மிதக்கும் தக்கை லேசாக நடுங்கினால் போதும், அவள் கை சுண்டிவிடும். கண்ணை மூடித் திறப்பதற்குள் கெண்டை கூடைக்குள் துள்ளும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்காதா பின்னே?

ஆனால் இப்போது அவளுக்கு வேண்டியது கெண்டை இல்லை, விரால். அவள் புருஷன் கன்னியப்பன் விறகு பிளக்கும்போது கோடாலி தவறிக் காலில் இறங்கியிருந்தது. புண் ஆறுகிற வழியாக இல்லை. மருத்துவச்சி நாகாத்தம்மா கட்டைப் பிரித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“மேல பூசுற பச்சிலை மட்டும் போதாது பூங்காவனம். விரால் சாறு உள்ளே போனாத்தான் சதை கூடும். நாளைப் பொழுது சாயறதுக்குள்ள குடுத்துடு. புண்ணு கறுக்க ஆரம்பிச்சா, நான் கத்தியோடதான் வரணும்.”

விராலுக்கு அவள் எங்கே போவாள்? ஏனென்றால் அந்த ஏரியில் விரால் பிடித்தவர் ஒருவரும் கிடையாது. வலை வீசினால் ஆம்பல் கொடியில் சிக்கிக் கிழியும். விரால் சேற்றுக்குள் புகுந்துகொண்டு சிரிக்கும். தூண்டிலையோ மோந்துகூடப் பார்க்காது.

மறுநாள் விடிந்ததும் வீட்டிலிருந்த சாமான் அத்தனையும் அள்ளிக்கொண்டு ஏரிக்குப் போனாள். மெல்லிய மூங்கில் கழியில் வாழைநார்க் கயிறு கட்டி, நெட்டித் தக்கையும் ஈயக்குண்டும் கோத்து, கொழுத்த மண்புழுவைக் குத்திப் போட்டாள்.

விரால் தலையை நீட்டியது. “இன்னிக்கும் மண்புழுவா? ஏண்டி பூங்காவனம், உன் வீட்டுல வேற கறியே கிடையாதா?”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு புழுவை எடுத்துவிட்டு இறாலைக் குத்தினாள்.

“இறாலா? நேத்துத்தான் தின்னேன், நெஞ்சைக் கரிக்குது.”

கேழ்வரகு மாவை உருட்டிப் போட்டாள். விரால் விழுந்து விழுந்து சிரித்தது. “களி கிண்டிப் போடறியா? தொட்டுக்கக் கருவாடு எங்கே? அடியே, எனக்குப் பசியே இல்லடி! வயிறு நெறஞ்சவளுக்கு விருந்து வெச்சா யாரு உக்காருவா?”

உச்சி வெயில் வந்துவிட்டது. பூங்காவனத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து பொங்கின. கழியை ஓங்கித் தண்ணீரில் அடித்துவிடலாமா என்று நினைத்தாள். அந்த நேரத்தில்தான் அது நடந்தது.

விராலுக்கு அப்போது குஞ்சு பொரித்திருந்தது. மிளகாய்ப் பழ நிறத்தில் பொடிப் பொடியாக ஒரு கூட்டம். வம்பளக்கக் கரைக்கு வரும்போதெல்லாம், “கொஞ்சம் பாத்துக்க” என்று ஆம்பல் இலையில் உட்கார்ந்திருக்கும் தவளையிடம் விட்டுவிட்டு வரும். தவளையும் பாவம், பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வெயில் ஏற ஏறத் தூக்கம் சொக்கியது. தலை தண்ணீரைத் தொட இலை ஓரத்தில் தொங்கியபடியே ஒரு கொட்டாவி விட்டது. தவளை வாய் எவ்வளவு பெரிசு! வாய் மூடியபோது குஞ்சு நாலைந்து உள்ளே போயிருந்தது.

விரால் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான்!

ஏரி வெடித்தது போல ஒரு சத்தம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு விரால் ஆள் உயரத்துக்கு எழும்பிப் பாய்ந்தது. தவளை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இலைக்கு இலை தாவியது. அது தாவிய இலையிலெல்லாம் பின்னாலேயே பொத்தென்று ஓட்டை விழுந்தது. கடைசித் தாவலில் நேராகப் பூங்காவனத்தின் மடியில் வந்து விழுந்தது.

“பாவி! தவளைன்னு எவன் துள்ளினாலும் இனி அவனைச் சும்மா விட மாட்டேன்! நானும் விட மாட்டேன், என் சாதி சனமும் விடாது!” என்று கத்திவிட்டு, மிச்சக் குஞ்சுகளைச் சேர்த்துக்கொண்டு கொடிகளுக்குள் போய்விட்டது விரால்.

பூங்காவனத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அட! வயிறு நிறைந்திருக்கிறது என்று இப்போதுதானே சொன்னது? பிறகு எதற்காகப் பாய்ந்தது? பசிக்குக் கொத்தாத மீன் கோபத்துக்குக் கொத்துகிறது! மடியிலிருந்த தவளையை இறுகப் பிடித்தாள்.

“அக்கா, அக்கா! தூண்டில் முள்ளுல குத்திடாதே!” என்று தவளை அலறியது. “நான் செத்தா உனக்கு ஒரு தடவைதான் ஆவேன். என்னை மாதிரியே ஒண்ணு செஞ்சுக்க, காலத்துக்கும் ஆகும். எப்படித் துள்ளணும்னு நான் சொல்லித் தரேன்.”

பூங்காவனம் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கட்டியிருந்த பச்சைச் சேலையின் தலைப்பைக் கிழித்துத் தவளை போலச் சுருட்டினாள். மிதப்பதற்குத் தக்கையை நறுக்கி அதன் வயிற்றுக்குள் திணித்தாள். நாரில் இரண்டு கால்கள், குன்றிமணியில் இரண்டு கண்கள். முள்ளைக் கோக்கப் போனபோது தவளை தடுத்தது.

“கூரு கீழே பாத்தா இலையில மாட்டும். முதுகோட ஒட்டி மேலே பாக்கட்டும். ஈயக்குண்டு வேணவே வேணாம், நான் என்ன கல்லைக் கட்டிக்கிட்டா துள்ளுறேன்? இந்த வாழைநார் கயிறா? ஒரே இழுப்புல அத்துடும். கத்தாழை நாரை முறுக்கித் திரி. கழியும் கெட்டிக் கழியா எடு. மாட்டினதும் நேரா வெளியே தூக்கணும், கொஞ்சம் விட்டாலும் கொடியில சுத்திக்குவா.”

சும்மாவா, விரால் வீட்டுச் சங்கதி அத்தனையும் தெரிந்த தவளை!

வெயில் தாழ்ந்தபோது எல்லாம் தயாராகிவிட்டது. துணித் தவளையை ஆம்பல் இலை மேல் வீசினாள். தவளை சொல்லிக்கொடுத்தபடி கழி நுனியை ஆட்டினாள். துள்ளல், துள்ளல், ஒரு நிறுத்தம். இலையிலிருந்து தண்ணீரில் இறக்கினாள். மறுபடி துள்ளல்.

தொம்!

தண்ணீர் பிளந்தது, பச்சைத் துணி காணாமல் போனது, பூங்காவனத்தின் கை தானாகச் சுண்டியது. துணித் தவளை ஒற்றைக் காலோடு பறந்து வந்து அவள் நெற்றியில் அடித்தது. விரால் போய்விட்டது!

“அய்யோ அக்கா, அது கெண்டைக்குச் சுண்டுற கை!” என்று தவளை தலையில் அடித்துக்கொண்டது. “விரால் முதல்ல கவ்வும். அப்புறம் திருப்பும். அப்புறந்தான் உள்ளே இழுக்கும். அதுவரைக்கும் கை சும்மா இருக்கணும்.”

சும்மா இருக்கணுமாம்! பிறந்ததிலிருந்து சுண்டிய கை எப்படிச் சும்மா இருக்கும்? சூரியன் எதிர்க்கரை மரத்தின் இடுப்புக்கு இறங்கிவிட்டது. கன்னியப்பனின் கால் அவள் கண் முன்னே வந்தது. மறுபடி வீசினாள். துள்ளல், துள்ளல், நிறுத்தம்.

தொம்!

கையைப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டுமே! தாலி கட்டிக்கொண்ட நாள் முதல் அவள் வாயால் சொல்லாத பெயர் ஒன்று உண்டு. ஊர் வழக்கம், புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. அதை இப்போது மெல்ல, எழுத்துக்கு எழுத்து நிறுத்திச் சொன்னாள்.

“கன்... னி... யப்... பன்!”

சொல்லி முடித்துத்தான் சுண்டினாள். கழி வில்லாக வளைந்தது! கயிறு கிறீச்சிட்டது! பாதம் சேற்றில் சறுக்கியது. விடவில்லையே அவள்! ஒரே தூக்கு. கருகருவென்று ஒரு கை நீள விரால் கரைப் புல்லில் வந்து விழுந்து புரண்டது. தவளை இருந்த இடம் தெரியாமல் ஓடிவிட்டது.

“மாட்டிக்கிட்டியாடி விராலு!” என்று பூங்காவனம் கூத்தாடினாள். விரால் தன் வாயோரம் தொங்கியதை அப்போதுதான் பார்த்தது.

“துணியா? என்னைத் துணியைக் காட்டியா ஏமாத்தினே? இரு, இந்த ஏரி பூராவும் சொல்றேன்!”

“எப்படிச் சொல்லுவே? நீ குழம்புச் சட்டியில இருக்கப்போறே.”

விரால் கரையோரத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. பூங்காவனமும் பார்த்தாள். செக்கச் செவேலென்று அந்தக் குஞ்சுக் கூட்டம், அம்மா போன திசை தெரியாமல் ஓரத்தில் முட்டி முட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது.

“அதுங்களுக்கு இன்னும் செவப்பு மாறல பூங்காவனம்,” என்றது விரால். அந்தக் குரலில் நக்கல் கொஞ்சமும் இல்லை. “கறுத்துட்டா தானாப் பொழைச்சுக்கும். இப்ப நான் இல்லேன்னா ஒண்ணுகூட மிஞ்சாது.”

“என் புருஷன் காலு?” என்றாள் பூங்காவனம். “சாயந்தரத்துக்குள்ள குடுக்கலேன்னா காலை எடுத்துடுவாங்க.”

“ஏரிக்குக் கிழக்கால ஆழமா இருக்கே, அந்த மடுவுல என் கொழுந்தன் இருக்கான். என்னை மாதிரி ரெண்டு மடங்கு. குஞ்சும் இல்ல, குடும்பமும் இல்ல. தவளைன்னா மத்தியானத்துலேருந்து அவனும் கொதிச்சுக்கிட்டு இருக்கான்.”

“உன்னை விட்டா நீ போய் இது துணின்னு சொல்லிடுவே. உன் வாய் எனக்குத் தெரியாதா?”

“நெசந்தான்,” என்றது விரால். “ஒண்ணை மட்டும் மறைச்சு மத்ததைப் பேச எனக்கு வராது. வாயைத் திறந்தா எல்லாம் கொட்டிடும். அதனால இனிமே பேசவே மாட்டேன். யார்கிட்டேயும். என் குஞ்சுங்ககிட்டேகூட. பதிலுக்கு நீ ஒண்ணு குடு. செங்குஞ்சு மெதக்கற இடத்துல உன் ஆளுங்க யாரும் தூண்டில் போடக் கூடாது.”

வாயாடி விராலா இப்படிக் கேட்கிறது! பூங்காவனம் சூரியனைப் பார்த்தாள். குஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, முள்ளைக் கழற்றி, விராலைத் தண்ணீரில் விட்டாள். அது போன பிறகுதான், என்ன செய்துவிட்டோம் என்று நெஞ்சு பதறியது.

கிழக்கு மடுவுக்கு ஓட்டமாக ஓடினாள். ஒற்றைக் கால் துணித் தவளையை வீசினாள். துள்ளல், துள்ளல், நிறுத்தம். ஒன்றும் இல்லை. மறுபடி வீசினாள். தண்ணீர் அசையவே இல்லை. சொல்லிவிட்டதோ? சொல்லிவிட்டதுதான்! போச்சு, எல்லாம் போச்சு!

அப்போது கொடிகளுக்கு அடியிலிருந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஒரு கரிய முதுகு துணியை நோக்கி வந்தது. அதே நேரம், ஒரு முழம் தள்ளி, அவள் விட்ட தாய் விரால் மேலே வந்தது. பக்கத்தில் செங்குஞ்சுகள். சொந்தக் கொழுந்தன் துணியைத் தேடிப் போவதை அது பார்த்தது. வாய் திறந்தது.

விரால் அவளைப் பார்த்தது. வாய்க்கு வந்துவிட்ட சொல்லை அப்படியே விழுங்கியது. வாயை மூடிக்கொண்டு கீழே போய்விட்டது.

தொம்!

“கன்... னி... யப்... பன்!”

அன்று மாலை கன்னியப்பன் விரால் சாறு குடித்தான். புண் கூடியது, கால் தங்கியது. எழுந்து நடந்ததும் பெண்டாட்டியோடு ஏரிக்கரைக்கு வந்தான். அவர்கள் முன்னால் விரால் மேலே வந்து வாயைத் திறந்தது. பூங்காவனம் ஆசையாகக் குனிந்தாள், பழைய மாதிரி ஒரு வார்த்தை திட்டாதா என்று. விரால் வாயை மூடிக்கொண்டு இறங்கிவிட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உன் சிநேகிதி என்னமோ சொல்ல வந்துட்டு சொல்லாமப் போறாளே?” என்றான் கன்னியப்பன்.

“அவ சொல்லியிருந்தா, நீங்க இங்க நடந்து வந்திருக்க மாட்டீங்க மாமா,” என்றாள் பூங்காவனம். தண்ணீரில் சிவப்பு தெரிந்ததும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அடுத்த துறைக்கு நகர்ந்தாள்.

தவளை துள்ளினால் வயிறு நிறைந்த விராலும் பாய்வது அன்று தொடங்கியதுதான். செங்குஞ்சு மிதக்கிற இடத்தில் தூண்டில் போடக் கூடாது என்பதும் அன்று தொடங்கியதுதான். விரால் அடிக்கடி மேலே வந்து வாயைத் திறக்கிறதே, பிறகு எதையோ விழுங்கிவிட்டுப் பேசாமல் கீழே போகிறதே, அதுவும் அன்று முதல்தான்.