பெரிய டிரம்மும் கடைசி வரிசையும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் பேண்டு சொல்லிக்கொடுத்தவர் தையல் டீச்சர். வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை; அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் காரணம். பெயர் சூசையம்மாள். ஊசியில் நூல் கோர்க்கும்போது எவ்வளவு பேசுவாரோ அவ்வளவுதான் மைதானத்திலும் பேசுவார்.

பேண்டு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பெரிய டிரம், சில சைடு டிரம்கள், புல்லாங்குழல்கள், கம்பியை முக்கோணமாக வளைத்த ஒரு ட்ரையாங்கிள். தலையில் வைக்கும் தொப்பிகளைப் பழைய திரைச்சீலையைக் கிழித்து டீச்சரே தைத்திருந்தார். கான்வாஸ் ஷூவுக்குச் சாக்பீஸ் தேய்த்து வெள்ளையாக்கிக்கொள்வோம். நடக்க நடக்க அது புகையாகக் கிளம்பும். எங்களுக்கு அது பெருமையாக இருந்தது.

ட்ரையாங்கிள் அடித்தது நான். பேண்டில் சேர்க்காவிட்டால் அழுவாள், சேர்த்துக்கொண்டாலும் பெரிய ஆபத்தில்லை என்று தோன்றும் பிள்ளைக்குத் தரும் வாத்தியம் அது. இருந்தாலும் சொல்கிறேன், பேண்டில் இருந்த அந்த இரண்டு வருஷம் போல் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. இன்றைக்கும் எங்காவது டிரம் சத்தம் கேட்டால் என் இடது கால் தானாக அசைகிறது.

இடது கால்தான் கணக்கு. பெரிய டிரம் 'டும்' என்னும்போது அத்தனை பேருக்கும் இடது கால் தரையில் இருக்க வேண்டும். பேண்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. யாருக்காவது கால் மாறிவிட்டால் சரிசெய்துகொள்ள ஒரு சின்னத் துள்ளல் உண்டு. டீச்சர் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். நடக்கவே அதற்கப்புறம்தான் சொல்லிக்கொடுத்தார்.

சைடு டிரம்முக்குத் தலைவி மங்கையர்க்கரசி. கையில் குச்சி இல்லாத நேரத்திலும் பெஞ்சில் விரலால் அடித்துக்கொண்டே இருப்பாள். அவள் தாளம் தப்பி நான் பார்த்ததில்லை. அது அவளுக்கும் தெரியும். தொந்தரவே அங்கேதான்.

அந்த வருஷம் ஆகஸ்ட் பதினைந்துக்கு ஊர்ப் பெரிய மைதானத்தில் எல்லாப் பள்ளிக்கூடங்களும் அணிவகுத்தன. முன்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் நீளமாக, கடைசியில் ஆறாம் வகுப்பு.

மேடைக்கு நேராக வரும்போது, பெரிய டிரம் அடித்த பேச்சியம்மாளுக்குத் தோள்வார் நழுவியது. முழங்காலால் டிரம்மை எக்கித் தூக்கினாள். அந்த ஒரு எக்கலில் கால் மாறிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு 'டும்'மும் எங்கள் வலது காலில் விழுந்தது. அவ்வளவு பெரிய டிரம்மை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அடிக்கிறவளுக்கு வேறெதுவும் காதில் விழாது. பாவம், அவளுக்குத் தெரியவே இல்லை.

மங்கைக்குத் தெரிந்தது. ஒரு துள்ளல் துள்ளியிருந்தால் சைடு டிரம் எல்லாம் அவளோடு மாறியிருக்கும். அவள் துள்ளவில்லை. நிமிர்ந்தபடி, தன் தாளத்தை இன்னும் ஓங்கி அடித்தாள். பாதிப் பேர் மங்கையோடு போனார்கள், பாதிப் பேர் பேச்சியோடு. நான் கொஞ்ச நேரம் இங்கே, கொஞ்ச நேரம் அங்கே. ட்ரையாங்கிள்தானே, யாரும் கவனிக்கவில்லை.

பின்னால் ஒருத்தி குதிகாலை ஒருத்தி மிதித்து, ஒரு வரிசையே சரிந்து விழுந்தது. கூட்டம் சிரித்தது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் மங்கை டிரம்மைக் கழற்றித் தரையில் வைத்தாள். டீச்சர் தொப்பிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நான் சரியாத்தான அடிச்சேன்?"

டீச்சர் நிமிரவில்லை.

"கால் மாறினது பேச்சிக்கு. நான் மாறவே இல்ல. எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லணும். மங்கை அடிச்சது சரின்னு சொல்லணும்."

மூலையில் பேச்சி முகத்தைத் தாவணியில் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, மங்கையைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

"பின்னாடி பிள்ளைக விழுந்துருச்சே" என்றார் டீச்சர்.

"அதுகளுக்கு நடக்கத் தெரியலைன்னா நான் என்ன செய்ய டீச்சர்?"

"நான் சொல்லாட்டா?"

"இனிமே டிரம்மைத் தொட மாட்டேன்."

அடுத்த மாதம் விளையாட்டு விழா. மங்கை இல்லாமல் எங்கள் பேண்டு நாலடி நகராது. அதைவிட, டிரம் இல்லாமல் மங்கை என்ன ஆவாள் என்று எங்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவள் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வந்துவிட்டது.

"சரி" என்றார் டீச்சர். "தொட வேண்டாம். திங்கக்கிழமை சும்மா வா."

திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார். மங்கையின் டிரம்மை வேறொருத்தி மாட்டியிருந்தாள். மங்கை அதைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடுபட்டாள்.

"நீ கடைசி வரிசைக்குப் போ" என்றார் டீச்சர்.

"ஆறாங்கிளாஸ் பிள்ளைகளோடயா?"

"ஆமா."

பிறகு என்னைப் பார்த்தார். "ஏட்டி, துணைக்கு நீயும் போ."

"அப்ப ட்ரையாங்கிள், டீச்சர்?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். அல்லது எனக்காக யோசிப்பதுபோல் இருந்தார்.

"சமாளிச்சுக்கிடலாம்."

எனக்கு அது சுருக்கென்றது. இன்றைக்கும் நினைத்தால் லேசாகச் சுருக்கென்கிறது.

கடைசி வரிசையில் நாங்கள் இரண்டு பேரும் தென்னைமரம் மாதிரி நின்றோம். மங்கைக்குப் பக்கத்தில் நின்ற சின்னப் பெண் அண்ணாந்து பார்த்தாள்.

"அக்கா, நீங்க ஃபெயிலா?"

மங்கை முகத்தை நேராகத் திருப்பிக்கொண்டாள்.

பேண்டு கிளம்பியது. எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. அத்தனை நாள் முன்னால் நடந்திருக்கிறேன். எங்கள் பேண்டை நான் தூரத்திலிருந்து கேட்டதே இல்லை. புல்லாங்குழல் சத்தம் எங்களிடம் வந்து சேரவில்லை. சைடு டிரம் சத்தம் பிள்ளைகளின் ஷூச் சத்தத்தில் அமுங்கிப்போனது. வந்து சேர்ந்தது ஒரே சத்தம். டும். டும். டும்.

மங்கை கழுத்தை நீட்டி நீட்டிக் கேட்டாள். தொடையில் விரல் தட்டிக்கொண்டே வந்தது. தன் டிரம் வாசிக்கும் இடத்தைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

வேப்ப மரத்தருகே திரும்பும்போது தூரத்தில் டீச்சர் கையைத் தூக்கியது தெரிந்தது. அடுத்த 'டும்' எங்கள் வலது காலில் விழுந்தது. எனக்கு முன்னால் போன பிள்ளைகளின் கால்கள் குழம்பின. ஒருத்தி நின்றாள், அவள் முதுகில் இன்னொருத்தி இடித்தாள்.

மங்கையின் கால் மாறவில்லை. விறைப்பாக, சரியாக நடந்தாள். பக்கத்தில் அந்தச் சின்னப் பெண் இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்துத் தடுமாறினாள். முன்னால் நடப்பவள் மேல் விழப் போய், மங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எந்தக் கால்?"

மங்கை முன்னால் பார்த்தாள். தலைகள்தான் தெரிந்தன. மறுபடி காது கொடுத்துக் கேட்டாள். டும். டும்.

துள்ளினாள்.

"இந்தக் கால்" என்றாள். "என் காலைப் பாத்து வை. இந்தா, இப்ப. இப்ப."

எங்கள் வரிசையில் ஒவ்வொருத்தியாகக் கால் ஒன்று சேர்ந்தது. ஒரு சுற்று முடியும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை.

எல்லோரும் நின்ற பிறகு மங்கை நேராக டீச்சரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"பேச்சிய நீங்கதான மாத்தி அடிக்கச் சொன்னீங்க?"

"ஆமா."

"சைடு டிரம் எல்லாம் என்ன செஞ்சாங்க டீச்சர்?"

"மாத்தாம அடிங்கன்னு சொல்லியிருந்தேன். ஒருத்திகூட மாத்தல."

மங்கை ஷூவால் மண்ணைக் கிளறினாள். கேட்காமல் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கேட்டாள். ஆனால் குரல் அன்றைய குரலாக இல்லை.

"அப்ப அன்னைக்கு நான் அடிச்சது சரிதான, டீச்சர்?"

சூசையம்மாள் டீச்சர் கையைத் தட்டினார். பேண்டு மொத்தமும் திரும்பியது. பேச்சியும் டிரம்முக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. பதினஞ்சாந்தேதி மங்கை அடிச்சது சரி. ஒரு அடிகூடத் தப்பில்ல."

டீச்சர் மங்கை பக்கம் திரும்பினார்.

"இப்ப நீ சொல்லு. இன்னைக்குச் சரியா அடிச்சவங்க சத்தம் உனக்குக் கேட்டுச்சா?"

மங்கை தன் டிரம்மை மாட்டியிருந்தவள் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.