வால்டரின் காதும் காப்பீட்டு அதிகாரியும்

ஹூஸ்டன் நகரத்தில் வால்டர் என்று ஒரு கிழவர், பழைய பஸ் டிரைவர். இடி விழுந்தாலும் அவர் காதில் ஏறாது. ஒருமுறை ஹாரன் கேட்காமல் காரில் அடிபடப் பார்த்தார். அவரை வீட்டோடு இருந்து கவனித்துக்கொண்டவள் நாகர்கோவில் பிலோமினா.

காது மெஷினுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தும் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. பிலோமினா அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"நீங்கள் பேசினால் செல்லாதம்மா. காது கேட்கவில்லை என்று அவரே என்னிடம் போனில் சொல்ல வேண்டும். அதுதான் விதி" என்றார் அதிகாரி.

"ஆகட்டும் சார்" என்று போனைக் கிழவரிடம் கொடுத்துவிட்டு, அவள் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

அதிகாரி பெயரைக் கேட்டார். "மழையா? இங்கே இல்லை" என்றார் வால்டர். பிறந்த தேதியைக் கேட்டார். "சாப்பிட்டாயிற்று, நீங்கள்?" என்றார். அதிகாரி கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனபோது பிலோமினா வந்து போனை வாங்கினாள்.

"நான் சொல்வது எதுவுமே இவருக்குக் கேட்கவில்லையே" என்றார் அதிகாரி.

"டாக்டரும் அதைத்தான் எழுதினார் சார். நீங்களும் அப்படியே எழுதிவிடுங்கள்."

அதிகாரி சிரித்துவிட்டார், எழுதியும் விட்டார்.

மெஷினை மாட்டியதும் அடுப்படியில் பிலோமினா பாடுவது கேட்டது. "இவ்வளவு மோசமாகவா பாடுவாய்?" என்ற வால்டர், நாற்காலியை அடுப்படிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.