பிரியாணி மாஸ்டரின் அக்கியும் முதல் கரண்டியும்

ஒரு கல்யாண வீட்டில் எழுந்த வழக்கு இது. வக்கீல் வேண்டாம், நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடலாம். தேவையான விவரமெல்லாம் கதைக்குள்ளேயே கிடக்கிறது.

வத்தலக்குண்டில் சவரிமுத்து என்றொரு பிரியாணி மாஸ்டர். ஒரே மகள் ஜெபமாலை, தாயில்லாப் பிள்ளை. அவள் கல்யாணத்துக்குத் தம் கையாலேயே தம் போட வேண்டும் என்பது மனுஷனின் நெடுநாள் ஆசை. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இடுப்பைச் சுற்றி அக்கி வந்து உட்கார்ந்துகொண்டது. கொப்புளம் கொப்புளமாக, தொட்டால் உயிர் போகிற எரிச்சல்.

"என்னைய அடுப்பு முன்னால நிக்க வைக்கிறவங்களுக்குத்தான் கல்யாணப் பிரியாணில முதல் கரண்டி!" என்று கட்டிலில் சாய்ந்தபடியே அறிவித்தார். ஊரே கேட்டது.

அன்றைக்கே டாக்டர் தமயந்தியிடம் போனார். இது ஹெர்ப்பிஸ் வகைக் கிருமி, சின்ன வயதில் அம்மையாக வந்தது உள்ளே தூங்கிக் கிடந்து இப்போது எழுந்திருக்கிறது என்றார் டாக்டர். சீக்கிரம் வந்தது நல்லது என்று ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். "தலைவலி, குமட்டல் வரலாம். தண்ணி நிறையக் குடிக்கணும், இல்லேன்னா கிட்னிக்கு ஆகாது. எதுன்னாலும் எனக்குச் சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. பொருக்குக் காஞ்சபிறகுதான் அடுப்பு."

சவரிமுத்து வீட்டுக்கு வந்து மாத்திரையைக் காட்டினார். தண்ணீர் விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டார்.

அடுத்து அக்கி எழுத வந்தவர் காத்தமுத்து வேளார். மண்பாண்டம் செய்கிறவர், காவியைக் குழைத்து உடம்பில் சிங்கம் வரைவது அவர் குடும்ப வழக்கம். கொப்புளத்தின் மேல் படாமல் சுற்றி வரைந்தால் சரி என்று டாக்டரும் விட்டுவிட்டார். குளிர்ந்த காவி பட்டதும் மாஸ்டர், "அப்பாடா!" என்றார். சிங்கம் கொஞ்சம் பூனை ஜாடையில் இருந்தது வேறு கதை.

மூன்றாம் நாள் தலை கிறுகிறுத்தது, குமட்டியது, சிறுநீர் சுருங்கி மஞ்சளாகப் போனது. மச்சான் இன்னாசி துள்ளினார். "மருந்து ஒத்துக்கலை மாமா, தூக்கிக் குப்பையில போடுங்க!"

ஜெபமாலை மாத்திரையைக் குப்பையில் போடவும் இல்லை, தானாக நிறுத்தவும் இல்லை. டாக்டருக்குப் போன் செய்தாள். டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "தண்ணி குடிக்கிறாரா?"

கட்டிலடியில் காலையில் வைத்த சொம்பு கிட்டத்தட்ட அப்படியே நிறைந்திருந்தது. மாஸ்டருக்கு ஒரு விரதம் உண்டு. அடுப்பு எரிகிற நேரமெல்லாம் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. நாக்கின் ருசி கலைந்துவிடுமாம். கல்யாண சீசன் என்பதால் அவர் ஆட்கள் கொல்லைக் கொட்டகையில் விடிந்தது முதல் இருட்டும்வரை சமைத்தார்கள். அவர் ஜன்னலோரம் படுத்துக்கொண்டு அதட்டினார். மாத்திரைக்கு ஒரு வாய், அவ்வளவுதான்.

அழைத்துப் போய்ப் பரிசோதித்ததில் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரோடு மாத்திரையைத் தொடரலாம் என்றார் டாக்டர். ஆனால் மாஸ்டர் மசியவில்லை. "அடுப்பு எரியும்போது குடிக்கவே மாட்டேன், ஆமா!"

ஜெபமாலை வாதாடவில்லை. ஆட்களைக் கூப்பிட்டாள். அண்டா, கரண்டி, விறகு எல்லாம் அடுத்த தெருவில் மாமன் இன்னாசி வீட்டுக் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தன. "இப்ப நம்ம வீட்ல அடுப்பு எரியலப்பா. குடிங்க." மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார், குடித்தார். அங்கே இன்னாசி புகை தாங்காமல் தும்மிக்கொண்டிருந்தார்.

கிறுகிறுப்பு போனது. மாத்திரை முடிந்தது. பொருக்குக் காய்ந்து உதிர்ந்தது. கல்யாணத்தன்று காலை சவரிமுத்து தலைப்பாகையோடு அடுப்பு முன்னால் நின்றார்!

தம் உடைத்து அண்டாவைத் திறக்கும் நேரம். வேளார் சொன்னார்: "எரிச்சலை அடக்குனது என் சிங்கம்." டாக்டர் சிரித்தார்: "கிருமியை அடக்குனது என் மாத்திரை." ஜெபமாலை பங்கு எதுவும் கேட்கவில்லை, மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டு இப்போதுதான் வந்திருந்தாள்.

இப்போது சொல்லுங்கள், முதல் கரண்டி யாருக்குச் சேரும்?

விடை: மாஸ்டர் என்ன சொன்னார் என்று திரும்பப் பாருங்கள். எரிச்சலைத் தணிப்பவருக்கு என்றோ, கிருமியை அடக்குபவருக்கு என்றோ சொல்லவில்லை. அடுப்பு முன்னால் நிற்க வைப்பவருக்கு என்றார். நோயைத் தீர்த்தது மாத்திரைதான், சந்தேகமில்லை. ஆனால் தண்ணீர் இறங்காமல் அந்த மாத்திரையையே தொடர்ந்திருந்தால் மாஸ்டர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்திருப்பார். இன்னாசி பேச்சைக் கேட்டு நிறுத்தியிருந்தால் அக்கியோடு கிடந்திருப்பார். அடுப்பை அவர் முன்னாலிருந்து எடுத்தவள்தான் அவரை அடுப்பு முன்னால் நிறுத்தியவள். டாக்டரும் வேளாரும் ஒரே குரலில் ஒப்புக்கொண்டார்கள்.

சவரிமுத்து ஆவி பறக்கிற தட்டை மகளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. வேர்த்து வழிகிற அவர் முகத்தைப் பார்த்து, "தண்ணி குடிச்சீங்களாப்பா?" என்றாள். நாளையிலிருந்து இதைக் கேட்க அவள் அந்த வீட்டில் இருக்க மாட்டாள். மாஸ்டர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. சொம்பை வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.