போதும் என்று சொல்லாத வயிறு

ஆற்றங்கரை மடத்தில் அன்னதானம் தில்லைநாயகத்தின் பொறுப்பு. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றபின், தன்னைவிட இளையவரான உமையாள் அம்மையாரைக் குருவாக ஏற்று அங்கே வந்து சேர்ந்தவர். பசி என்று வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பியதே இல்லை.

ஒரு மதியம் வள்ளிக்கண்ணு தன் மகனோடு வந்தாள். இளமாறனுக்கு எட்டு வயதிருக்கும். கையும் காலும் சிறுத்து, உடம்பு மட்டும் பெருத்திருந்தது. பந்தியில் அவன் இலை நொடியில் காலியானது.

"இன்னும் சோறு" என்றான்.

அவள் இலையை மடித்து எடுத்துவிட்டாள். பையன் தரையில் புரண்டு அழுதான்.

"பச்சைப் பிள்ளை வயித்துல அடிக்கலாமா தாயி?" என்றார் தில்லைநாயகம்.

"பிறவிக் கோளாறு சாமி. மரபணுவுலயே ஏதோ குறையாம். ரொம்ப அபூர்வமா வருமாம். வயிறு நிறைஞ்சது இவனுக்குத் தெரியவே தெரியாது. விட்டா வயிறு கிழியிற வரைக்கும் தின்பான். வீட்டுல அரிசிப் பானைக்கும் பூட்டு. தெருவே என்னை ராட்சசிங்குது."

தில்லைநாயகம் தலையை ஆட்டினார். மனம் ஒப்பவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் அவள் தூணில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். நல்ல தூக்கத்தையே மறந்துவிட்ட முகம். பையன் மெல்ல எழுந்து அடுக்களைக்கு வந்தான். தில்லைநாயகத்தின் வேட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"தாத்தா, பசிக்குது."

கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அவர் ஒரு கரண்டி புளியோதரை வைத்தார். பிறகு இன்னொன்று. அழுகை நின்றது. அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. வாசலில் யாரோ கூப்பிட, போய்ப் பேசிவிட்டுத் திரும்பினார். அண்டா பாதி காலியாகியிருந்தது. வயிறு கல்லாக உப்பி, பையன் சுவரோரம் கிடந்தான். வாயோரத்தில் சோறு ஒட்டியிருந்தது.

வள்ளிக்கண்ணு ஓடி வந்து பார்த்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள்.

வயிறு கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். பிழைப்பானா என்று டாக்டர்கள் வாய் திறக்கவில்லை.

மறுநாள் தில்லைநாயகம் அம்மையாரின் முன் வந்து நின்றார்.

"இரக்கப்பட்டுத்தானே அம்மா போட்டேன்? அது எப்படி இப்படி ஆச்சு?"

அம்மையார் செருப்பை மாட்டிக்கொண்டார். இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"அந்தப் பொண்ணு கொஞ்சம் கண் அசரட்டும். நீங்க பிள்ளைகிட்ட உட்காருங்க" என்றார் அம்மையார். வள்ளிக்கண்ணு அறைக்கு வெளியே வந்து பெஞ்சில் சாய்ந்தாள்.

பையன் கண் விழித்திருந்தான். மூக்கில் குழாய். வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். அவன் தில்லைநாயகத்தின் விரலைப் பற்றினான்.

"தாத்தா, பசிக்குது. நீங்க தருவீங்கல்ல? ஒரே ஒரு வாய்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் விசும்பத் தொடங்கினான். விசும்பல் ஓலமானது. தில்லைநாயகம் விரலை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வள்ளிக்கண்ணு எழுந்து உள்ளே போனாள். கதவு திறந்தே இருந்தது. "நீ செத்துப்போ!" என்று பையன் அவள் கையைக் கடித்தான். அவள் கையை இழுக்கவில்லை. ஈரத்துணியால் அவன் உதட்டைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"ஏன் எழுந்து வந்துட்டீங்க?" என்றார் அம்மையார்.

"அந்த அழுகையைத் தாங்க முடியலை அம்மா."

"அன்னிக்கும் அதைத் தாங்க முடியாமத்தானே போட்டீங்க?"

"ஆமாம்மா."

"அப்போ அது யார் பசிக்குப் போட்ட சோறு?"

உள்ளே அழுகை ஓயவில்லை.